பால் டின்னும் பாடம் சொல்லும்: இசை வகுப்பில் கருத்துவழிக் கற்பித்தல்



பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையிடம், "இன்றைக்கு என்ன படித்தாய்?" என்று கேட்கிறோம். "கணக்கு, தமிழ், மலாய்" என்று பிள்ளை சொன்னால் நமக்கு மனம் குளிர்கிறது. "பாட்டுப் பாடம் நடந்தது" என்று சொன்னாலோ, "அது கிடக்கட்டும், வேறென்ன?" என்று கேட்கிறோம். விடியுமுன் எழுந்து, பனியென்றும் மழையென்றும் பாராமல் உழைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் பெற்றோர் அப்படிக் கேட்பதில் குற்றமில்லை. பாட்டு சோறு போடுமா என்பது பசியை அறிந்தவர்கள் கேட்கும் கேள்வி.

அந்தக் கேள்விக்கு இன்று ஒரு விடை தேடிப் பார்ப்போம். தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இசை வகுப்பை எப்படி நடத்தக் கூடாது என்பதை முதலில் கற்று, பிறகுதான் எப்படி நடத்த வேண்டும் என்பதைக் கற்றேன். நான் கற்றதற்குக் கருத்துவழிக் கற்பித்தல் என்று பெயர். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று அஞ்ச வேண்டாம். பால்மரம் வெட்டியவர்களுக்கு இது மிக எளிதில் விளங்கும்.

புதிதாக மரம் வெட்ட வந்த ஒருவருக்கு வேலை பழக்க இரண்டு வழிகள் உண்டு. ஒரு மரத்தைக் காட்டி, "இதோ, நான் வெட்டுவதைப் போலவே வெட்டு" என்று சொல்லலாம். அவர் அந்த மரத்தை வெட்டப் பழகிவிடுவார். ஆனால் அடுத்த நிரைக்குப் போனால் மரம் தடிமனாக இருக்கும், பட்டை மெல்லியதாக இருக்கும், பழைய வெட்டு வேறு உயரத்தில் இருக்கும். அவர் திகைத்து நிற்பார். இரண்டாவது வழி வேறு. வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் சரிந்து இறங்க வேண்டும், பால் வழிந்து மங்கில் விழ அந்தச் சரிவுதான் வழி என்று சொல்ல வேண்டும். பால் பட்டைக்குள் இருக்கிறது, ஆகவே உளி பட்டையின் உட்புறம் வரை போக வேண்டும், கட்டையைத் தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டுப் புதுப்பட்டை முடிச்சு விழும் என்று விளக்க வேண்டும். குளிர்ந்த காலை நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும் என்பதையும் சொல்ல வேண்டும். இவற்றை அறிந்தவர் எந்த நிரையிலும் எந்த மரத்தையும் வெட்டுவார். முதல் வழி ஒரு மரத்தைக் கற்பித்தது. இரண்டாவது வழி மரம் வெட்டுவதன் கருத்தைக் கற்பித்தது.

இசை வகுப்பிலும் இதே இரண்டு வழிகள் இருக்கின்றன. ஆண்டு முழுவதும் இருபது பாடல்களை மனப்பாடம் செய்ய வைக்கலாம். பிள்ளைகள் இருபதையும் பாடுவார்கள். இருபத்தோராவது பாடல் வரும்போது அவர்களிடம் ஒன்றும் இருக்காது. அதற்கு மாறாக, பாடல்களின் வழியாக எல்லாப் பாடல்களுக்கும் பொதுவான சில உண்மைகளைப் பிள்ளையே கண்டுகொள்ளும்படி செய்யலாம். அந்த உண்மைகளைத்தான் கருத்துகள் என்கிறோம்.

அவை எவை? அதிகமில்லை, விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதலாவது, துடிப்பு. நெஞ்சு துடிப்பதைப் போல், நடக்கும்போது கால் மாறி மாறி விழுவதைப் போல், பாட்டுக்கு அடியில் ஒரே சீராக ஓடிக்கொண்டிருப்பது. இரண்டாவது, தாளக்கட்டு. அந்தச் சீரான துடிப்பின்மேல் நெட்டையும் குட்டையுமாக ஒலிகள் அமரும் முறை. மூன்றாவது, விரைவு. தாலாட்டு மெல்லப் போகிறது, கும்மி வேகமாகப் போகிறது. நான்காவது, சுருதியின் ஏற்ற இறக்கம். ஐந்தாவது, உரப்பும் மென்மையும். துத்தநாகக் கூரையில் மழை தூறலாகத் தொடங்கிப் பேரிரைச்சலாக வளர்வதைத் தோட்டத்துப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆறாவது, ஒலியின் குணம். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் கோயில் மணி எது, பெரட்டு மணி எது, உறுமி எது, தவில் எது என்று சொல்லிவிடுகிறோமே, அந்த வேறுபாடு. ஏழாவது, அமைப்பு. பல்லவி மறுபடியும் மறுபடியும் திரும்பி வருவதும், இடையில் வேறொன்று வந்து போவதும்.

இவ்வளவுதான். கோயில் திருவிழாப் பாட்டாக இருந்தாலும், திரைப்பாடலாக இருந்தாலும், மலாய் நண்பர்கள் பாடும் பாட்டாக இருந்தாலும், இந்த ஏழும் அதற்குள் இருக்கும்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உளநூல் அறிஞர் ஜெரோம் புரூனர் 1960-ஆம் ஆண்டில் கல்வி பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். எந்தப் பாடமாக இருந்தாலும் அதற்கு அடிப்படையான சில கருத்துகள் உண்டு, அவற்றைச் சிறு பிள்ளைக்கும் அதன் வயதுக்கேற்ற முறையில் நேர்மையாகக் கற்பிக்க முடியும் என்பது அவர் கொள்கை. ஒரு கருத்தை ஒரே முறை சொல்லி முடித்துவிடாமல், ஒவ்வோர் ஆண்டும் அதே கருத்துக்குத் திரும்பி வந்து, கொஞ்சம் உயரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றார். மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறுவதைப் போன்றது இது. அதே பள்ளத்தாக்கைத்தான் பார்க்கிறோம், ஆனால் ஒவ்வொரு வளைவிலும் கூடுதலாகத் தெரிகிறது.

அவருக்கும் முன்பே இசைக்கல்வியில் இத்தகைய வழியில் நடந்தவர்கள் இருந்தார்கள். ஹங்கேரி நாட்டு இசையறிஞர் கோடாய் 1905-ஆம் ஆண்டு முதல் ஊர் ஊராகப் போய் உழவர்களின் பாடல்களைச் சேகரித்தார். பிள்ளைகளின் இசைக்கல்வி அவர்கள் சொந்த மண்ணின் பாட்டிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது அவர் உறுதி. ஜெர்மனியில் கார்ல் ஓர்ப் என்பவர் பேச்சு, கைதட்டல், கால்தட்டல், எளிய தட்டுக்கருவிகள் ஆகியவற்றைக் கொண்டே குழந்தைகளுக்கு இசை கற்பிக்கும் முறையை வளர்த்தார். நம் நாட்டில் கே.பி.எஸ்.ஆர். எனப்படும் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் 1983-ஆம் ஆண்டு முதலாம் ஆண்டு வகுப்புகளில் தொடங்கியபோது, இசைக்கல்வியும் ஒரு பாடமாகத் தமிழ்ப்பள்ளிக்குள் நுழைந்தது.

நுழைந்தது உண்மைதான். ஆனால் எங்களிடம் என்ன இருந்தது? பல பள்ளிகளில் ஆர்மோனியம் கூட இல்லை. இசை பயின்ற ஆசிரியர் இல்லை. "நீ இளைஞன், நீதான் பாட்டு வகுப்பைப் பார்க்க வேண்டும்" என்று என்னிடம் அந்தப் பாடத்தை ஒப்படைத்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகத்தில் இருந்ததுதான். கரும்பலகையில் ஐந்து கோடு போட்டேன். அதில் இசைக்குறிகளை வரைந்தேன். "இதற்கு ஒரு தட்டு, இதற்கு இரண்டு தட்டு, எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். சோதனை வைத்தேன். பாதிப் பேர் தேறினார்கள்.

தேறாதவர்களில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் இருந்தான். தாளில் ஒரு வரி கூட எழுதாமல் கொடுத்துவிட்டான். "உனக்கு இசை வராது" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

சில நாள் கழித்துத் தோட்டத்துக் கோயிலில் திருவிழா. மாலை நேரம், லயத்துப் பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தேன். கோயிலிலிருந்து உறுமி மேளம் கேட்டது. லயத்தின் கோடிவீட்டு வாசலில் அதே பையன் ஒரு பால் டின்னையும் ஒரு பிஸ்கட் டின்னையும் கவிழ்த்துவைத்து உட்கார்ந்திருந்தான். இடக்கை பிஸ்கட் டின்னில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. வலக்கை பால் டின்னில் வேறொரு கணக்கில் விளையாடிக்கொண்டிருந்தது. உறுமி வேகம் கூட்டினால் இவனும் கூட்டினான். உறுமி நின்றபோது இவனும் நின்றான். துடிப்பு வேறு, தாளக்கட்டு வேறு, இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும் என்பதை நான் இரண்டு மாதமாகக் கரும்பலகையில் விளக்கிக்கொண்டிருந்தேன். அது முழுவதும் அவன் இரண்டு கைகளிலும் இருந்தது. அவனுக்குத் தெரிந்த பொருளிலேயே அவனுக்கு நான் சுழியம் போட்டிருந்தேன்.

அடுத்த வகுப்புக்குக் கரும்பலகையைத் தொடவில்லை. "எல்லாரும் வீட்டிலிருந்து ஆளுக்கொரு டின் கொண்டு வாருங்கள்" என்றேன்.

அதன் பிறகு நான் நடத்திய வகுப்பு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொள்வோம், துடிப்பும் தாளக்கட்டும்.

முதலில் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த ஒரு கும்மிப்பாட்டைப் பாடிக்கொண்டே வகுப்பறையைச் சுற்றி நடக்கிறார்கள். கால் சீராக விழுகிறது. இன்னும் எந்த விளக்கமும் இல்லை. அடுத்து, நின்ற இடத்தில் அதே பாட்டைப் பாடி, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கைதட்டல். இப்போது கை ஓரிடத்தில் விரைகிறது, ஓரிடத்தில் தாமதிக்கிறது. மூன்றாவதாக, பாதி வகுப்பு கால் தட்டுகிறது, பாதி வகுப்பு கை தட்டுகிறது. பிறகுதான் ஆசிரியர் வாய் திறக்கிறார். "இரண்டு கூட்டமும் ஒரே பாட்டுக்குத்தானே தட்டினீர்கள்? ஏன் ஒரே மாதிரி கேட்கவில்லை? எது மாறிக்கொண்டே இருந்தது? எது மாறவே இல்லை?"

இந்தக் கேள்விதான் பாடத்தின் உயிர். பிள்ளைகள் யோசிப்பார்கள். ஒருத்தி சொல்வாள், "கால் மணிக்கூடு மாதிரி, கை பேச்சு மாதிரி." அப்படி ஒரு விடை வந்துவிட்டால், கருத்து பிறந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு, "நீ சொன்ன மணிக்கூட்டுக்குத் துடிப்பு என்று பெயர், பேச்சுக்குத் தாளக்கட்டு என்று பெயர்" என்று பெயர் வைத்தால் போதும். குழந்தை பிறந்த பின்தானே பெயர் வைக்கிறோம்? நான் பிள்ளை பிறக்குமுன்பே பெயரைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, அதை மனப்பாடம் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெயர் வைத்த பின் எழுத்து. பிள்ளைகள் முதலில் தங்கள் விருப்பம்போல் குறி போட்டுக்கொள்வார்கள், நீளத்துக்கு ஒரு கோடு, குட்டைக்கு ஒரு புள்ளி. அந்தத் தேவையை உணர்ந்த பின் புத்தகத்துக் குறியைக் காட்டினால் அது அவர்களுக்கு எளிதாகிவிடுகிறது. கடைசியாக, இதுவரை கேட்டிராத ஒரு பாட்டைக் கொடுத்து, "இதில் துடிப்பைக் காலில் காட்டு" என்று சொல்ல வேண்டும். அங்கே காட்டிவிட்டால் பிள்ளை கற்றுவிட்டது. அதுதான் உண்மையான சோதனை.

இதே வழியில் எண்ணிக்கையையும் கற்பித்தேன். நம் முன்னோர் தாளத்துக்குச் சொற்கட்டு வைத்திருக்கிறார்கள். தக என்றால் இரண்டு, தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நான்கு. பிள்ளைகளிடம் இவற்றுக்கு ஏற்ற சொல் தேடச் சொன்னேன். இரண்டுக்கு மணி, மூன்றுக்குக் குருவி, நான்குக்குக் குதிரைகள் என்று கொண்டு வந்தார்கள். "மணி, குருவி" என்று சேர்த்துத் தட்டினால் ஐந்து. "குருவி, குதிரைகள்" என்று சேர்த்தால் ஏழு. நம் இசை மரபில் மூன்றுக்குத் திஸ்ரம், நான்குக்குச் சதுஸ்ரம், ஐந்துக்குக் கண்டம், ஏழுக்கு மிஸ்ரம், ஒன்பதுக்குச் சங்கீர்ணம் என்று பெயர். பெரிய வித்துவான்கள் வாசிக்கும் ஏழும் குருவியும் குதிரைகளும் சேர்ந்ததுதான் என்று கண்டுகொண்ட பிள்ளைக்கு அந்தப் பெயர்கள் பயமூட்டுவதில்லை. ஏழை மூன்றும் நான்குமாகப் பிரிக்கப் பழகிய பிள்ளை, கணக்கு வகுப்பிலும் எண்களைப் பிரித்துச் சேர்க்கத் தயங்குவதில்லை.

வகுப்பு சூடுபிடித்தது. டின்னோடு நிறுத்தாமல் ஒரு படி மேலே போனேன். கோயிலில் இருந்த தப்பு ஒன்றை இரவல் வாங்கி வந்து அந்தப் பையன் கையில் கொடுத்தேன். மறுநாள் வேலை முடிந்து அவன் தகப்பனார் பள்ளிக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஐயா, புள்ளைய படிக்கத்தான் அனுப்புறோம். அவன் கையில அதைக் கொடுக்காதீங்க. எங்க அப்பாரு சாவு வீட்டு வாசல்ல நின்னு அதை அடிச்சாரு. அதுக்கு அவங்க கொடுத்த மரியாதை என்னான்னு எனக்குத் தெரியும். எம்புள்ளைக்கு அது தெரிய வேணாம்" என்றார்.

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. தப்பு பழம்பெருமை வாய்ந்த தமிழ்க் கருவி என்று அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கருவியை வைத்து மனிதனைத் தாழ்த்தியவர்கள் அவரிடம் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. அவர் பட்டதை நான் படவில்லை. "உங்களைக் கேட்காமல் கொடுத்தது என் தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள். இனி கொடுக்க மாட்டேன்" என்றேன்.

பிறகு, "உங்கள் மகன் எழுதியதைப் பார்க்கிறீர்களா?" என்று அவன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தேன். பக்கம் முழுவதும் கோடும் புள்ளியுமாக அவன் சொந்தமாக ஒரு தாளம் கட்டி எழுதியிருந்தான். தகப்பனாருக்கு அந்தக் குறிகள் தெரியா. ஆகவே நான் வரிவரியாகச் சொல்லிக் காட்டினேன். அவர் வாசற்படியில் நின்றபடியே கதவுச் சட்டத்தில் இரண்டு விரலால் மெல்லத் தட்டிக்கொண்டு வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"இங்க ஒரு தட்டு குறையுதுங்க ஐயா" என்றார்.

எண்ணிப் பார்த்தேன். மற்ற வரிகளிலெல்லாம் ஏழு. கடைசி வரியில் ஆறுதான். மகனும் கவனிக்கவில்லை, திருத்திச் சரி போட்ட நானும் கவனிக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவர் கவனித்தார்.

நேயர்களே, தப்பைப் பற்றிய தம் முடிவை அவர் அன்றும் மாற்றிக்கொள்ளவில்லை, பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை. அது அவர் உரிமை. ஆனால் பையனின் பாடம் நின்றுவிடவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் தப்பு வாசிப்பதைப் பாடமாக வைத்திருந்தால், தப்பு போனவுடன் பாடமும் போயிருக்கும். பாடமாக இருந்தது தாளக்கட்டு என்ற கருத்து. அது டின்னில் இருக்கும், கைதட்டலில் இருக்கும், மேசையில் இருக்கும். ஓராண்டு கழித்து அருகிலிருந்த கம்போங்கில் ஒரு திருமண ஊர்வலத்தில் கொம்பாங் அடிப்பதைக் கேட்டுவிட்டு வந்து அந்தப் பையன் என்னிடம் சொன்னான், "சார், எல்லாரும் ஒரே மாதிரி அடிக்கல. ஒருத்தர் விடுற எடத்துல இன்னொருத்தர் அடிக்கிறாங்க. சேர்ந்து கேட்டா ஒரே அடியா இருக்கு." கொம்பாங் இசையின் இரகசியமே அதுதான். வெவ்வேறு தாளக்கட்டுகள் ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று பொருந்தி ஒரே ஓசையாகும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவன் அதைக் கேட்டறிந்தான். இருபத்தோராவது பாடலை அவன் தானே திறந்துகொண்டான்.

இனி, சுருதியைப் பற்றிச் சில வார்த்தைகள். இசைக்கருவி இல்லாத பள்ளியிலும் வீட்டிலும் செய்யக்கூடிய ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஒரே அளவுள்ள கிச்சாப் போத்தல்கள் நான்கைந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கொஞ்சம் தண்ணீர், அடுத்ததில் இன்னும் கொஞ்சம் என்று ஏற்றிக்கொண்டே போங்கள். ஒரு கரண்டியால் மெல்லத் தட்டுங்கள். தண்ணீர் கூடக் கூட ஒலி தாழ்ந்து வரும். பீங்கான் கிண்ணங்களில் நீர் ஊற்றி வாசிக்கும் ஜலதரங்கமும் இந்த முறையில்தான் சுருதி சேர்க்கப்படுகிறது. இப்போது அதே போத்தல்களின் வாயில் உதட்டை வைத்து ஊதிப் பாருங்கள். தண்ணீர் கூடக் கூட ஒலி உயர்ந்து போகும்!

அதே போத்தல், அதே தண்ணீர். தட்டினால் ஒரு விதம், ஊதினால் நேர்மாறு. ஏன்? பிள்ளைகளிடம் உடனே விடை சொல்லிவிடாதீர்கள். அவர்கள் யோசிக்கட்டும். தட்டும்போது அதிர்வது கண்ணாடி. தண்ணீரின் பாரம் ஏற ஏற அது மெதுவாக அதிர்கிறது, ஒலி தாழ்கிறது. ஊதும்போது அதிர்வது உள்ளிருக்கும் காற்று. தண்ணீர் ஏற ஏறக் காற்றுக்கு இடம் குறுகுகிறது, விரைந்து அதிர்கிறது, ஒலி உயர்கிறது. வேகமாக அதிர்ந்தால் உயர்ந்த சுருதி, மெதுவாக அதிர்ந்தால் தாழ்ந்த சுருதி என்ற ஒரே கருத்துக்குள் இரண்டும் அடங்கிவிடுகின்றன. இதை உணர்ந்த பிள்ளை புல்லாங்குழலைப் பார்த்தாலும், பள்ளியில் பயிலும் ரெக்கார்டரைப் பார்த்தாலும், துளையை மூடினால் ஒலி ஏன் தாழ்கிறது என்று தானே சொல்லிவிடும்.

ஏழு சுரங்களையும் இந்த வழியில் உடம்பாலேயே கற்பிக்கலாம். பள்ளிப் படிக்கட்டில் ஏறிக்கொண்டே ச, ரி, க, ம, ப, த, நி என்று பாடலாம். ஆங்கிலேயப் போதகர் ஜான் கர்வன் 19-ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கைச்சைகை அமைத்தார். கோடாயைப் பின்பற்றியவர்கள் அதனைப் பள்ளிகளில் பரப்பினார்கள். நம் தமிழிலோ இந்த ஏழுக்கும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற தனிப் பெயர்கள் சிலப்பதிகாரக் காலத்திலேயே வழங்கின. கருத்து ஒன்று, உலகம் அதற்கு வைத்த பெயர்கள் பல என்பதையும் பிள்ளை அறிந்துகொள்ளட்டும்.

ஆசிரிய நண்பர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஒரு வகுப்பில் ஒரு கருத்துக்கு மேல் எடுக்காதீர்கள். ஏழையும் ஒரே நாளில் திணித்தால் ஒன்றும் தங்காது. இரண்டாவது, கருத்து என்பதை மனப்பாட வரியாக மாற்றிவிடாதீர்கள். "துடிப்பு என்றால் என்ன?" என்று கேட்டு, வரி பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்கு மதிப்பெண் கொடுத்தால், நான் முதலில் செய்த தவற்றையே வேறு உடையில் செய்கிறீர்கள். பிள்ளை காட்டட்டும், கட்டட்டும், புதிய பாட்டில் கண்டுபிடிக்கட்டும்.

இன்னொன்று நெஞ்சை உறுத்துகிறது. சுருதி சேராத பிள்ளையைப் பார்த்து, "நீ பாடாதே, வாயை மட்டும் அசை" என்று சொல்லும் வழக்கம் சில பள்ளிகளில் இருந்தது. நிகழ்ச்சி அழகாக அமைய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறார்கள். ஆனால் அப்படிக் கேட்ட பிள்ளை பிறகு வாழ்நாள் முழுவதும் வாய் திறக்காமல் போய்விடக்கூடும். தன் குழந்தைக்குத் தாலாட்டுப் பாடவும் கூச்சப்படும் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். சுருதியும் ஒரு கருத்துதான். கேட்டுக் கேட்டு, ஒப்பிட்டு ஒப்பிட்டு வளர்வதுதான். கணக்கில் பிசகும் பிள்ளையை, "நீ எண்ணாதே, விரலை மட்டும் அசை" என்று நாம் சொல்வதில்லையே!

பெற்றோர்களே, உங்களால் என்ன செய்ய முடியும்? செலவில்லாத மூன்று காரியங்கள் சொல்கிறேன்.

ஒன்று, பாட்டியும் அம்மாவும் பாடிய தாலாட்டையும் கும்மியையும் பிள்ளை கேட்கும்படி பாடுங்கள். தோட்டங்கள் பல கைமாறிவிட்டன, பல அழிந்தும் போயின. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது, வீடமைப்புத் திட்டம் நிற்கிறது. லயங்களோடு அந்தப் பாட்டுகளும் போய்விட வேண்டியதில்லை. கைத்தொலைபேசி வைத்திருப்பவர்கள் பாட்டியின் குரலை அதில் பதிந்து வையுங்கள்.

இரண்டு, வானொலியில் எந்தப் பாட்டு ஒலித்தாலும் பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். "கால் எங்கே விழுகிறது? எந்த இடம் திரும்பத் திரும்ப வருகிறது? எந்தக் கருவி புதிதாக வந்து சேர்ந்தது?" விடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இருவரும் சேர்ந்து கேட்டால் போதும்.

மூன்று, பிள்ளை டின்னைத் தட்டினால் உடனே பிடுங்காதீர்கள். தலைவலி வரும்தான். ஒப்புக்கொள்கிறேன். ஐந்து நிமிடம் பொறுத்து, என்ன கணக்கில் தட்டுகிறது என்று கேட்டுவிட்டுப் பிறகு பிடுங்குங்கள்.

பாட்டு சோறு போடுமா என்ற கேள்வியோடு தொடங்கினோம். என் மாணவர்களில் இசையால் பிழைப்பவர்கள் மிகச் சிலர்தாம். ஆனால் கேட்பதைக் கூர்ந்து கேட்கவும், மாறுவதையும் மாறாததையும் பிரித்தறியவும், ஓரிடத்தில் கற்றதை வேறோரிடத்தில் பயன்படுத்தவும் அந்த வகுப்பில் அவர்கள் பழகினார்கள். எந்த வேலைக்குப் போனாலும் உதவும் அறிவு அது. அதற்கும் மேலாக, தங்கள் வீட்டிலும் அறிவு இருக்கிறது, தங்கள் தகப்பன் கைவிரலிலும் கணக்கு இருக்கிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் வைத்தே அறிந்துகொண்டார்கள். குறைந்துபோன அந்த ஒரு தட்டை நான் இன்னும் மறக்கவில்லை. ஏழு என்று நாங்கள் சரி போட்டுவிட்ட இடத்தில், ஆறுதான் என்று கண்டு சொன்னவர், உள்ளே வந்து உட்காரத் தயங்கி வாசற்படியில் நின்ற ஒரு தொழிலாளி.

நாளைக்குப் பிள்ளை வந்து, "இன்றைக்குப் பாட்டு வகுப்பு" என்று சொன்னால், "அப்படியா? எங்கே, தட்டிக் காட்டு பார்ப்போம்" என்று கேளுங்கள்.